வெள்ளைக் கடலில் ஒன்பது நாள்

கப்பலில் சமையற்காரரைப் பண்டாரி என்பார்கள். ராயபுரம் ரஷீது முப்பத்தோரு வருடம் கப்பல் சமையலறையிலேயே வாழ்ந்தவர். எந்தத் துறைமுகத்தைப் பற்றிக் கேட்டாலும் அங்கே வெங்காயம் எப்படி, மீன் எப்படி என்றுதான் சொல்வார். ஊர்களின் அழகு எதுவும் அவர் மனதில் தங்கியதில்லை. தங்கியது ஒன்றே ஒன்று: 1988 மார்ச்சில், சோவியத் நாட்டின் வடகோடியில் பார்த்த வெள்ளைக் கடல்.

மரம் ஏற்றப் போன கப்பல் அது. இருபத்திரண்டு வயது ரஷீது, பண்டாரிக்கு உதவியாளாகப் போன முதல் பயணம். டெக்கில் கயிறு இழுக்கும் வேலையில் காலடிப்பேட்டை வல்லரசு. துறைமுகத்தை எட்டும் முன்பே கடல் பனியாய் இறுகிக் கப்பலைப் பிடித்துக்கொண்டது. பனியை உடைக்கும் கப்பல் வந்து வழி வெட்டும்வரை ஒன்பது நாள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

மூன்றாம் நாள் காலை, பச்சைக் குழந்தைகள் அழுவது போலச் சத்தம் கேட்டது. ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கணக்கில். சீல் என்னும் கடல்நாய்கள் பனிமேல் குட்டி போட்டிருந்தன.

வல்லரசு அன்று சாப்பிட வரவில்லை. அவர் கப்பலேறிய பிறகுதான் ஊரில் மகள் பிறந்திருந்தாள். தட்டோடு தேடிப் போன ரஷீதிடம், “எம்பொண்ணும் இப்டித்தான் அழுதுகினு இருப்பாடா. அவ கொரலு எப்டி கீதுன்னு கூட எனுக்குத் தெரியாது” என்றார்.

ஆறாம் நாள் கேப்டன் அனுமதி தர, இருவரும் ஏணி வழியே இறங்கிக் கடல்மேல் நடந்தார்கள். பஞ்சு மூட்டை போல ஒரு குட்டி. நாவற்பழக் கண்கள். வல்லரசு சற்றுத் தள்ளிக் குந்தி, “இன்னாமா, பசிக்குதா? அம்மா வந்துடும்” என்று அதனிடம் பேசினார். சிரிக்க வாயெடுத்த ரஷீது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊர் திரும்பிய வல்லரசு மறுபடி கப்பல் ஏறவில்லை. எண்ணூர் அனல்மின் நிலையத்தில் கரி தள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். மகளுக்குக் கார்குழலி என்று பெயர் வைத்தார். ரஷீது லீவில் வரும்போதெல்லாம் காலடிப்பேட்டைக்குப் போவார். பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த ஒன்பது நாளில்தான் போய் நிற்கும்.

2019இல் ரஷீதின் கடைசிப் பயணம் மறுபடி அதே துறைமுகத்துக்கு, அதே மார்ச்சில் அமைந்தது. வல்லரசுக்குத்தான் முதலில் போன் போட்டார். “குட்டிங்கள நான் கேட்டேன்னு சொல்டா!” என்றார் அவர்.

வெள்ளைக் கடலுக்குள் நுழைந்த அன்று விடிந்ததும் ரஷீது டீயைப் போட்டு வைத்துவிட்டு டெக்கில் போய் நின்றார். கறுப்புத் தண்ணீர். அதில் உடைந்த பனி, பழைய சோற்றில் பருக்கை போல மிதந்தது. எந்தச் சத்தமும் இல்லை. “உலகம் சூடாகிவிட்டதில் இப்போதெல்லாம் பனி மெல்லிசு. குட்டிகள் நீந்தப் பழகும் முன்பே உடைந்துவிடுகிறதாம்” என்றார் இளம் அதிகாரி ஒருவர். கட்டில் அளவுப் பனித்துண்டில் ஒரே ஒரு குட்டியை ரஷீது பார்த்தார். அது வாயைத் திறந்தது. இயந்திர இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. கப்பல் நிற்காமல் கடந்தது. அன்று மதியம், அத்தனை வருடத்தில் முதல்முறையாக, அவர் வடித்த சோறு அடிப்பிடித்தது.

ஊருக்கு வந்ததும் வல்லரசு கேட்ட முதல் கேள்வி, “குட்டிங்க கீதாடா?”

“கீதுடா. கும்பலா கீது.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் எத்தனை இருந்தது, எவ்வளவு கிட்டே என்று வல்லரசு கேட்பார். ரஷீது கூட்டிக்கொண்டே போவார். “தோஸ்துகிட்ட இன்னாத்துக்கு இந்தப் பொய்யி?” என்று அவர் மனைவி ஜெரினா கடிந்துகொண்டாள். ஆறு வருடம் இப்படியே போனது.

போன வருடம் பெருநாளுக்குப் பிரியாணி எடுத்துப் போன இடத்தில், கேள்வி வருமுன்பே ரஷீது சொல்லிவிட்டார். “வல்லு, அங்க ஒண்ணுமில்லடா. நான் பாத்தது ஒரே குட்டி. மிதந்துகினு இருந்துச்சு.”

வல்லரசு தட்டைத் தள்ளி வைத்தார். “தெரியும்டா. அன்னிக்கே உன் மூஞ்சி சொல்லிச்சு. நீ சொல்றது நல்லா இருந்துச்சு, கேட்டுகினு இருந்தேன்.” பிறகு தாழ்ந்த குரலில், “எத்தினி வருசம் கரி தள்ளினேன். அந்தப் பொகயெல்லாம் எங்க போய்ச் சேந்துச்சோ” என்றார்.

“நான் போன கப்பலு மட்டும் இன்னா, தண்ணிய ஊத்தியா ஓட்டுனாங்க? அதுவும் பொகதான வுட்டுச்சு” என்றார் ரஷீது.

சின்ன வயதிலிருந்தே அதையெல்லாம் அப்பாவின் புருடா என்று எண்ணியிருந்த கார்குழலி, தண்ணீர்ச் சொம்போடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “மெய்யாலுமே கடல் மேல நடந்தீங்களா, மாமா?”

ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு, ஏணியில் இறங்கியதிலிருந்து தொடங்கினார்கள். பிரியாணி ஆறிப் போயிற்று. ஜெரினா மூன்று தடவை போன் அடித்த பிறகுதான் ரஷீது பஸ் பிடிக்க எழுந்தார்.