அண்ணை நிக்கிற அயர்லாந்து

பெரியண்ணன் அயர்லாந்தில் இருக்கிறார் என்று எங்கள் வீட்டில் சொல்லத் தொடங்கியபோது நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அத்தோடு என் படிப்பும் நின்றது. ஏஜென்சிக்காரன் ஒருவனின் ஏற்பாட்டில் கப்பலேறிப் போனவர், வழியிலிருந்து ஒரேயொரு முறை ரெலிபோன் எடுத்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

அம்மா முதலில் காத்திருந்தார். பிறகு ஏசத் தொடங்கினார். வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு பெற்றவளை மறந்துவிட்டான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கூரை ஒழுகினால், "அவனுக்கென்ன, அங்கை மாளிகையிலை கிடப்பான்" என்பார். சாகும்வரை ஏசினார். எங்களுக்கும் அது பழகிவிட்டது. ஒருவர் மீது கோபப்பட முடிகிறதென்றால் அவர் எங்கேயோ சுகமாக இருக்கிறார் என்றுதானே நினைப்போம். நானும் அண்ணனை அப்படித்தான் வைத்திருந்தேன். தலை நரைத்து, தமிழ் தெரியாத பிள்ளைகளோடு, எங்களை மறந்து, அயர்லாந்தில்.

பாரிசில் நான் பார்ப்பது கோப்பை கழுவும் வேலை. லா சப்பல் பகுதியின் தமிழ் உணவகங்களில்தான் நெடுங்காலம் கழுவினேன். ஒருநாள் ரூ லூயி-பிளாங் தெருவில் ரெலிபோன் கடை வைத்திருப்பவர், கார் து நோர் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அயர்லாந்துக்காரப் பெண் ஒருவர் நடத்தும் மதுச்சாலைக்கு ஆள் தேவையாம் என்றார். வேறு எதுவும் கேட்காமல் ஓம் என்றேன்.

"என்ன அண்ணை, பத்து வார்த்தை கேட்டால் ஒண்டு சொல்லுற ஆள். அயர்லாந்து எண்டவுடனை முந்திக்கொண்டு ஓம் எண்டுறியள்" என்று அவர் சிரித்தார்.

நான் விலாசத்தை எழுதித் தரச் சொன்னேன்.

அந்த மதுச்சாலைக்கு அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பாரிசைப் பார்த்துவிட்டு அயர்லாந்துக்குப் போகிறவர்கள். பலருக்கு அங்கே ஒரே வேலைதான். தங்கள் பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பலேறினான் என்று தேடுவது. எங்கள் முதலாளியம்மா போத்தல் திறந்துகொண்டே அவர்களுக்கு வழி சொல்லுவார். எந்தத் தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவு இருக்கும், எந்தக் கந்தோரில் என்ன கேட்க வேண்டும் என்று. அவருக்கு அதில் நல்ல அனுபவம். தன் வம்சத்தையே பல தலைமுறைக்குத் தேடி எடுத்து, படமாக வரைந்து சுவரில் மாட்டியிருந்தார். கிளாஸ்களைத் துடைக்கும்போது நான் அதைப் பார்ப்பேன். செத்துப்போன அத்தனை பேருக்கும் அதில் ஒரு பெட்டி இருந்தது.

எனக்கு வாய் வர நெடுநாள் ஆனது. எதைக் கேட்பதென்றாலும் முதலில் அந்த வசனத்தை மனதுக்குள் பிரெஞ்சில் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒரு பிற்பகல், ஆட்கள் இல்லாத நேரத்தில், என் அண்ணன் உங்கள் நாட்டில் இருக்கிறார், அவரையும் தேட முடியுமா என்று கேட்டுவிட்டேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?" என்றார். நாங்கள் பேசியது பிரெஞ்சில். எனக்கு வரும் தமிழில் எழுதுகிறேன்.

உடனே ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். அங்கேயே தடக்கியது. பிரெஞ்சுக் கடுதாசிகளில் என் குடும்பப் பெயராக இருப்பது அப்பாவின் பெயர். அண்ணனுக்கும் அதுவாக இருக்கலாம். அல்லது முன்னுக்குப் பின் மாற்றி எழுதியிருந்தால் அவருடைய சொந்தப் பெயரே குடும்பப் பெயராகியிருக்கும். அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு நிச்சயமாக வேறு பெயர். இதைச் சொல்லி முடிக்க எனக்கு வேர்த்துவிட்டது.

"அப்ப ஒவ்வொரு தலைமுறைக்கும் உங்கடை குடும்பம் பெயரை மாத்திப்போடுதோ? உங்களை ஆர் தேடிப் பிடிக்கிறது?"

"பொலிசுக்கும் அந்தக் கஷ்டம் இருக்கு" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மதுச்சாலையில் நான் சொன்ன முதல் பகிடி அது.

பிறகு அவர் தேடத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்வதையே எனக்கும் சொன்னார். அயர்லாந்துக்கு ஓடக்கூடாது. வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். உயிரோடிருக்கும் மூத்தவரிடம் போய்க் கேட்க வேண்டும். எது தெரியும் என்று சொன்னாலும், அதை உனக்கு யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே கடைசி ஆள்வரை போக வேண்டும். அந்த ஆள் தன் காதால் கேட்டதை அப்படியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல் கொண்டுவர வேண்டும். "உங்கடை அண்ணை அயர்லாந்திலை எண்டு ஆர் சொன்னது?" என்றார். அம்மா என்றேன். அம்மாவோடு ரெலிபோனுக்குப் போனவர் அக்கா என்றேன். அக்கா எங்கே என்றார். பாரிசுக்குப் பக்கத்தில், திரான்சியில் என்றதும், "பிறகென்ன, அயர்லாந்தை விடக் கிட்டத்தானே" என்றார்.

அக்கா திரான்சியில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். லீவு நாளில் லா சப்பலில் முருங்கைக்காயும் வல்லாரையும் வாங்கிக்கொண்டு போவது என் வழக்கம். அன்றைக்கும் வாங்கிக்கொண்டுதான் போனேன். அக்கா வல்லாரையை ஆய்ந்துகொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"தேடித் தருவாவோ? உண்மையாத்தானோ?"

"தேடலாமாம். அண்ணை சொன்னதை அப்பிடியே கேட்டுக்கொண்டு வரட்டாம்."

"அதெல்லாம் மறக்குமோ தம்பி. ரவுணிலை இரும்புக் கடையிலைதான் ரெலிபோன் வந்தது. அம்மாவுக்கு ரெலிபோன் பிடிச்சுப் பழக்கமில்லாதபடியா நான்தான் ரெலிபோனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். எனக்கும் வடிவாக் கேட்டது. 'அம்மா, நான் ஒரு அயிலண்டிலை நிக்கிறன். சுகமா இருக்கிறன். இன்னொரு கப்பல் வரும், ஏறினாப் பிறகு எடுக்கிறன்' எண்டவன். அவ்வளவுதான். கட்டாயிட்டுது."

"அயர்லாந்து எண்டு சொன்னவரோ?"

"அயிலண்ட் எண்டவன். அம்மாவுக்கும் எனக்கும் என்ன இங்கிலீசு தெரியும்? திரும்பி வரேக்கை தபால் கந்தோரிலை கேட்டம். அயிலண்டோ, அது அயர்லாந்து, இங்கிலாந்துக்குப் பக்கத்திலை, நல்ல நாடு எண்டார் அந்த மனுசன். அம்மாவுக்கு அண்டைக்குச் சந்தோசத்திலை சாப்பாடே இறங்கேல்லை." அக்கா கீரைக் காம்பை ஒடித்தார். "கண்டுபிடிச்சா முதல்லை என்னட்டைத் தா. நல்லா நாலு பேச்சுப் பேசிப்போட்டுத்தான் சுகம் விசாரிப்பன்."

திரும்பும்போது ரெயிலில் இருந்துகொண்டு, வழக்கம்போல, முதலாளியம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைப் பிரெஞ்சில் கட்டிப் பார்த்தேன். ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்ல வேண்டுமே. 'நான்' வந்தது. 'நிக்கிறன்' வந்தது. 'ஒரு' என்ற சொல்லை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நான் ஒரு பிரான்சில் நிற்கிறேன் என்று யாராவது சொல்வார்களா? ஒரு இந்தியாவில், ஒரு கனடாவில்? ஒரு ஊரில் என்போம். ஒரு காட்டில் என்போம். பேர் சொல்லத் தெரியாத இடத்துக்குத்தான் அப்படிச் சொல்வோம். அக்காவுக்குப் பிழையாக ஞாபகம் இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அக்கா அந்த வசனத்தை வருடக்கணக்காக அதே மாதிரித்தான் சொல்லி வருகிறார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த 'ஒரு' அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

கார் து நோரில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் நான் எழும்பினேன்.

மறுநாள் கிளாஸ்களை அடுக்கிவிட்டு முதலாளியம்மாவிடம் போனேன். அவர் வாடிக்கையாளர்களோடு ஆங்கிலத்தில் பேசும்போது தன் நாட்டை அயர்லாந்து என்பார், சில வேளை ஐலண்ட் என்பார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டுவந்தது. இரண்டும் ஒரே சொல்லா என்று கேட்டேன்.

"இல்லை இல்லை. ஒண்டு எங்கடை நாட்டின்ரை பேர். மற்றது கடல் நடுவிலை இருக்கிற எந்தத் தீவும். பிரெஞ்சுக்காரர் ஈல் எண்டுறது. எல்லாருக்கும் குழப்பம்தான்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அக்கா என்ன சொன்னவ?" என்றார்.

அண்ணன் சொன்னதைச் சொன்னேன். ஒரு ஈலில் நிற்கிறேன், இன்னொரு கப்பல் வரும்.

அவருடைய சிரிப்பு மெல்ல நின்றது. எந்தக் கடல் என்று கேட்டார். தெரியாது என்றேன். எந்த நாட்டுக் கப்பல் என்றார். தெரியாது. யாருடைய பெயரில் போனார் என்றார். ஏஜென்சிக்காரன் கொடுத்த பாஸ்போர்ட்டில், அதில் யார் பெயர் இருந்ததோ தெரியாது. அவர் எழுதிவைத்திருந்த தாளைப் பார்த்தார். அதில் மேலே அயர்லாந்து என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழேதான் எல்லாம் தொடங்க வேண்டும். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு எழுந்து வந்து என் தோளில் கை வைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் கோப்பைகளுக்குத் திரும்பினேன். அயர்லாந்து இருந்தபோது அண்ணனுக்கு ஒரு வீடு இருந்தது. எங்களை மறந்த மனம் ஒன்று இருந்தது. இப்போது அவர் மறக்கவில்லை. மறக்காமல் ஏதோ ஒரு கடல் நடுவில், வேறு யாரோ ஒருவருடைய பெயரோடு, வரவேண்டிய கப்பலுக்காக நிற்கிறார். அல்லது கப்பல் வந்து, ஏறி, நடுவழியில்... அதற்கு மேல் நினைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அம்மா இத்தனை வருடம் ஏசியது யாரை?

இரண்டு மூன்று நாளாக அக்காவின் அழைப்பை எடுக்காமல் இருந்தேன். பிறகு எடுத்தேன்.

"அயர்லாந்துக்காரி என்னவாம்?" என்றார்.

சொல்லத்தான் இருந்தேன். ரெலிபோனை எடுக்கும் முன் தமிழிலேயே வசனத்தைச் சொல்லிப் பார்த்திருந்தேன். அக்காவின் குரலைக் கேட்டதும் வாயில் வேறொன்று வந்தது.

"தேடுகினம் அக்கா. கொஞ்ச நாள் செல்லுமாம்."

"செல்லட்டும், செல்லட்டும். இவ்வளவு காலம் இருந்தனாங்கள்தானே." வைக்கப் போனவர் மறுபடி கூப்பிட்டார். "தம்பி, இன்னொண்டு. பேசிப்போட்டுத்தான் சுகம் கேப்பன் எண்டனான் எல்லோ? அதைப் பெரிசா எடுக்காதை. அவனைக் கண்டா, நான் ஒண்டும் ஏசமாட்டன் எண்டு சொல்லச் சொல்லு. பயந்து வராமல் விட்டிடுவான்."

ஓம் அக்கா என்றேன்.