புயலுக்கு மறுநாள் சவுத்எண்ட் கடற்கரையில்

காலை 8.10. பார்க்கிங் (Barking) ஸ்டேசனில் ரயில் ஏறும்போது சிவநேசன் அண்ணை வெறும் வயிறு. மரக்கறி ரோல்ஸ் இரண்டு கட்டிக்கொண்டு வந்த பாவி நான். ஆடி அமாவாசை. போன மாரியில் தகப்பனைப் பறிகொடுத்தவர், கடலில் முழுகும்வரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது என்று நின்றார். தேம்ஸ் கடலோடு சேருமிடமான சவுத்எண்டுக்கு இருபத்தெட்டு மைல். என் கவலையெல்லாம் அவருடைய காலைப் பற்றித்தான். சீனி வருத்தக்காரர், நீரிழிவால் குதிக்காலில் மூன்று மாதமாய் ஆறாத புண்.

"உப்புத் தண்ணி பட்டால் புண் காயுமடாப்பா" என்றார். யாழ்ப்பாணத்தாரிடம் இதை மறுத்துப் பேச ஏலுமா? நானும் நம்பியிருந்தவன்தான்.

9.15. முந்தின நாள் புயலடித்த சுவடே வானத்தில் இல்லை, அருமையான வெயில். கடல்தான் தேத்தண்ணி நிறத்தில் கலங்கிக் கிடந்தது. கரையில் 'இன்று குளிக்க வேண்டாம்' என்று பலகை. அண்ணை அதைக் காணாதவர் போல வேட்டியை மடித்துக் கட்டினார்.

ரப்பர் சப்பாத்தோடு நின்று போத்தலில் கடல்நீர் மொண்டுகொண்டிருந்த பெண் தமிழ் கேட்டுத் திரும்பினாள். பெயர் கவிதா, மலேசியாக்காரி. தண்ணீரில் உள்ள கிருமிகளைச் சோதிப்பது அவள் வேலை.

"அண்ணே, அந்தக் காலோட இறங்காதீங்க. பெருமழைன்னா சாக்கடை நிரம்பி ஆத்துல வழியும். சேத்துல அடங்கிக் கிடந்த கிருமியையும் அலை கிளப்பிவிட்டுடும்."

"உப்பு கொல்லாதோ?"

"உடனே கொல்லாது. மழைத்தண்ணி கலந்து உப்பும் குறைஞ்சிருக்கு. வெயில் கொல்லும், ஆனா இந்தக் கலங்கல்ல அது உள்ள போகாது. ரெண்டு மூணு நாள் பொறுங்களேன்."

"அமாவாசை பொறுக்குமோ, பிள்ளை?"

மனுசன் பிடிவாதத்தில் இறங்கினால் காலே போய்விடுமே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரோ பிள்ளைகள் மணல் கழுவும் ஷவரைக் காட்டி, "அது என்ன தண்ணி?" என்றார்.

"குழாய்த் தண்ணி அண்ணே. சுத்தமானது."

9.50. நீச்சலுடைக் குழந்தைகளுக்குப் பின்னால் வேட்டியோடு வரிசையில் நின்றார். ஐயோ, அந்தக் குளிர்! "அப்பா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கடற்காகங்கள் கிளம்பிவிட்டன. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

10.20. கடையில் இரண்டு பவுணுக்குத் தேநீர். ரோல்ஸில் ஒன்று அவருக்கு.

"கடல்ல முழுகேல்ல எண்டு மனக்குறையோ, அண்ணை?"

"இல்லையடா. ஊரில அமாவாசைக்குக் கீரிமலையில அப்பா கடலைக் கும்பிட்டிட்டு, பக்கத்தில நல்ல தண்ணிக் கேணியிலதான் முழுகுவார். நான் கையைப் பறிச்சுக்கொண்டு கடலுக்கு ஓடுவன். இறங்கவே விடமாட்டார்."

தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

"இண்டைக்கும் விடேல்லை, பார்."