தேன் டப்பா மூடி

கச்சிராயபாளையத்தில் பொன்னுரங்கம் என்று கேட்டால் ரெண்டு பேர் யோசிப்பார்கள். "சந்தியா அப்பா" என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போடுகிற மனுஷன் அவர். ஆனாலும் ஊருக்கு அவர் சந்தியா அப்பாதான்.

சந்தியாவுக்கு இருபத்திரண்டு வயது. பிறக்கும்போதே மூளையில் பாதிப்பு. நடக்க மாட்டாள், பேச மாட்டாள், வலிப்பு வேறு. அம்மா கொளஞ்சியம்மாள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அன்றிலிருந்து குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தலை பின்னுவது எல்லாம் அப்பன்தான். பின்னல் கோணலாகத்தான் வரும். சொல்லிப் பாருங்கள், மூக்குக்கு மேல் கோபம் வரும்.

வலிப்பு மாத்திரை காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. மகா கசப்பு. துப்பிவிடுவாள். துப்பிய அன்றைக்கு வலிப்பு வந்துவிடும். அதனால் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கப் பழகினார். மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து இருசம்மாள் மாசம் ஒருமுறை விற்கக் கொண்டுவரும் மலைத்தேன் அது. எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி வைத்திருப்பார். திருகு மூடி. அது கிரீச்சென்று திரும்பும் சத்தம் காதில் விழுந்தால் போதும், சந்தியாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு வரும், வாய் தானாகத் திறக்கும். ஒரு நாளில் அவள் சிரிப்பது அந்த ரெண்டு வேளைதான்.

"சக்கரையா குடுக்கிறேன்? மலைத்தேனுங்க. ஒடம்புக்கு அவ்ளோ நல்லது" என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

பல் விளக்கிவிடப் போனால் கடிப்பாள். ரெண்டு நாள் பார்த்தார், விட்டுவிட்டார். "கொழஞ்ச சோறுதான துன்றா. முறுக்கா கடிக்கப் போறா? பல்லு இன்னாத்துக்குக் கெடப் போவுது?" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

போன சித்திரையில் அவள் தன் இடது கன்னத்தில் தானே அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். சோற்றை ஒதுக்கினாள். ஏதோ காத்து கருப்பு என்றார்கள், கோயிலில் கயிறு மந்திரித்து வந்து அவளுக்குக் கட்டினார். அடி நிற்கவில்லை. காயம் பட்டுவிடுமே என்று பழைய வேட்டியைக் கிழித்து அந்தக் கையைக் கட்டிலோடு கட்டிவைத்தார். இப்படியே ரெண்டு மாசம் ஓடியது. முகம் வீங்கியபிறகுதான் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பல் டாக்டரம்மா வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்தார்.

"ஐயா, மாத்திரைய எதுல குடுக்கிறீங்க?"

"தேன்லங்க. சுத்தமான மலைத்தேன்."

"பல்லுக்குத் தேனும் சக்கரையும் ஒண்ணுதாங்க. நாம நாக்கால தொழாவி முழுங்கிடுவோம். இவங்களால அது முடியாது, ஈறோரமா அப்படியே ஒட்டி நிக்கும். வலிப்பு மாத்திரையால ஈறும் தடிச்சிருக்கு. இவங்க மாதிரி இருக்கவங்களுக்குப் பல்ல நம்மள விட ஜாஸ்தி பாத்துக்கணும்யா. வலி தாங்காமதான் அடிச்சிக்கிட்டிருக்காங்க."

மயக்க மருந்து கொடுத்துப் பதினோரு பல் எடுத்தார்கள். மீதி பதினேழு. இனிமேல் மாத்திரையை இனிப்பில்லாத தயிரில் கொடுக்கவேண்டும், வாயைத் தண்ணீரால் துடைக்கவேண்டும், காலையும் சாயந்திரமும் பின்னால் உட்கார்ந்து தலையை நெஞ்சில் சாய்த்துப் பல் விளக்கிவிடவேண்டும். "இன்னொரு தடவ மயக்கம் குடுத்தா இவங்க ஒடம்பு தாங்காது" என்றார் டாக்டரம்மா.

பொன்னுரங்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பஸ்ஸில் மகளை மடியில் போட்டுக்கொண்டு வந்தார். அழுகை வரவில்லை. என்னடா இது, அழுகைகூட வரவில்லையே என்றுதான் நினைத்தார். மனசு மரத்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்தால், கட்டில் காலில் அந்த வேட்டித் துணி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்த்து அடுப்பில் போட்டார்.

வீட்டில் பிரஷ்ஷைப் பார்த்தாலே சந்தியா பல்லைக் கிட்டித்துக்கொண்டாள். நாலு நாள் போராட்டம். ஐந்தாம் நாள் ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டாள், நகம் கறுத்துப்போனது. அது வலித்ததா என்றுகூட அவருக்கு நினைவில்லை.

அந்த வாரம் இருசம்மாள் வந்தாள். "இன்னாண்ணே, டப்பா காலியா?"

"வேணாம்மா. இனிமே வேணாம்."

"ஏண்ணே, தேனு நல்லா இல்லியா?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு."

அவள் போனபிறகு, இருந்த தேனை வழித்து ஊற்றிவிட்டு டப்பாவைக் கழுவினார். துடைத்து, வெறும் டப்பாவை மூடினார். மூடி கிரீச்சென்றது. திரும்பிப் பார்த்தால், கட்டிலில் சந்தியா சிரித்துக்கொண்டிருக்கிறாள், வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு.

பொன்னுரங்கம் டப்பாவைக் கீழே வைத்தார். பிறகு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார்ந்தார். பிரஷ் உள்ளே போனதும் அவள் முகம் சுருங்கியது. கடிக்கவில்லை. மேலே அண்ணாந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பதினேழையும் விளக்கி முடித்தார்.

எட்டு மாசமாகிவிட்டது. போன வாரம் காட்டப் போனபோது டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம். "ஒண்ணுகூடக் கெடலையே! எப்படிங்கய்யா வாயத் தெறக்க வைக்கிறீங்க?"

"பழகிட்சிங்க" என்றார்.

இன்றைக்கும் காலையும் சாயந்திரமும் அந்தக் காலி டப்பாவின் மூடியைத் திருகுகிறார். ஒரு நாளாவது அவள் ஏமாறாமல் இருந்தால் தேவலை என்று இருக்கிறது அவருக்கு. சந்தியா ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே வாயைத் திறக்கிறாள்.