கல்கட்டுக்குள் வைத்த பெட்டி

நான் ஒளித்து வைத்த முதல் பெட்டியை, அதைத் தேடாத ஒருவர் கண்டெடுத்தார். அதனால் ஒரு பெண் வீட்டை விட்டுப் போக வேண்டிய நிலை வந்தது. எப்படி என்று சொல்ல, என் பொழுதுபோக்கிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

கண்டி நகரத்தில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். ரப்பர் சீலும் செய்து கொடுப்போம். பாடசாலை அதிபர், சங்கத் தலைவர், சமாதான நீதவான் என்று வருகிற ஓடர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு நாள் ஒரு வெளிநாட்டுப் பெண் நத்தைப் படம் ஒன்றை நீட்டி, இதைச் சீலாகச் செய்து தர முடியுமா என்று கேட்டார். எந்த அலுவலகத்துக்கு என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினார். பக்கத்துக்கு ஒரு சீல் குத்தியிருந்தது. மீன், கதவு, தொப்பி, எலி. எல்லாம் ஒளித்து வைத்த பெட்டிகளில் இருந்து கிடைத்தவை என்றார்.

விளையாட்டு எளிமையானது. ஒருவர் ஒரு பெட்டியை எங்காவது ஒளித்து வைக்கிறார். உள்ளே ஒரு சீலும் சின்னக் கொப்பியும் இருக்கும். போகிற வழிக்கான குறிப்பை இணையத்தில் போடுகிறார். தேடிப் போகிறவர் பெட்டியைக் கண்டெடுத்தால், அதிலுள்ள சீலைத் தன் கொப்பியில் குத்திக்கொள்கிறார். தன் சீலைப் பெட்டிக் கொப்பியில் குத்துகிறார். பிறகு பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறார். வேறு எதையும் எடுப்பதில்லை. யாரும் பெயர் எழுதுவதில்லை.

பெயர் எழுதுவதில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு நாற்பத்தேழு வயது. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தாலும் கொண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த ஹோல்டில் இறங்கித் திரும்பி நடக்கிற ஆள் நான். ஒரு சொல்லும் பேசாமல் ஒரு மனிதரைச் சந்திக்க முடியும் என்றால் அது எனக்கு வசதி. அழிரப்பர் ஒன்றை பிளேடால் வெட்டி எனக்கென்று ஒரு சீல் செய்துகொண்டேன். குடைப் படம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். நம் ஊர்ப் பக்கம் பெட்டிகள் அதிகம் இல்லை. குண்டசாலையில் ஒன்று, ஆற்றுப் பாலத்துக்கு அருகே. அந்த வெளிநாட்டுப் பெண் வைத்த நத்தை, ஹந்தானை ஏற்றத்தில். கலகெதரப் பக்கம் ஒன்று. அக்காவின் வீட்டில்தான் நான் இருக்கிறேன். அவளுக்கு இது புரியவே இல்லை.

"ஏண்டி, புதையல் எடுத்தா எனக்கு ஒரு சோடி வளையலாவது உண்டா?"

"அதுல ஒன்னும் இல்லக்கா. சீல்தான்."

"சீல் குத்துறதுக்கா கலகெதர வரைக்கும் போற? கடையில ஆறு நாளும் குத்துறது பத்தலையா?"

கலகெதரவில் ஒரு மதகின் ஓரத்தில் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது எதிர்க் கடைக்காரர் வந்து, என்ன தொலைந்தது என்று சிங்களத்தில் கேட்டார். பெட்டி, கொப்பி, சீல் என்று சொல்லி விளங்க வைக்க எனக்குத் தைரியம் இல்லை. தோடு விழுந்துவிட்டது என்றேன். அவர் மனைவியைக் கூப்பிட்டார். மனைவி விளக்குமாற்றோடு வந்தாள். மூன்று பேரும் அரை மணி நேரம் இல்லாத தோட்டைத் தேடினோம். கடைசியில் அந்த மனைவி நிமிர்ந்து என் இரண்டு காதுகளையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் விளக்குமாற்றோடு திரும்பிப் போய்விட்டாள். அந்தப் பெட்டியை நான் பிறகு தேடவில்லை.

ஒரு வருடம் மற்றவர்களுடையதைத் தேடிய பிறகு, நானும் ஒன்று வைக்க வேண்டும் என்று தோன்றியது. வத்தேகமவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டப் பாதையைத் தெரிவு செய்தேன். மேல் ரோட்டிலிருந்து பிரிகிற ஒற்றையடிப் பாதை, மதகு, அங்கிருந்து நாற்பது அடி நடந்தால் ஒரு பலாமரம், மரத்தடியில் மண் சரியாமலிருக்க அடுக்கிய பழைய கல்கட்டு. கல்கட்டில் ஒரு கல் அசைந்தது. அதன் பின்னால் பெட்டி வைக்க அளவான இடம் இருந்தது.

மூடி இறுக்கமான சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை எடுத்தேன். குடை பிடித்த பெண் உருவம் ஒன்றைச் சீலாக வெட்டினேன். முகம் வெட்ட வரவில்லை, விட்டுவிட்டேன். கொப்பியில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க ஒரு துண்டுக் கற்பூரம் போட்டேன். எறும்பு வராமலிருக்க மஞ்சள் தூள் தூவினேன். வெயிலில் பிளாஸ்டிக் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும் என்று, அக்காவின் சட்டைத் துணியில் மிச்சமிருந்த சிவப்புத் துண்டால் சுற்றினேன். கட்டுவதற்குக் கையில் அகப்பட்டது மஞ்சள் நூல். இதை இப்போது எழுதும்போது எல்லோருக்கும் விளங்குகிறது. செய்யும்போது எனக்கு விளங்கவில்லை. நான் எறும்பைப் பற்றி மட்டும் யோசித்தேன்.

நாலைந்து மாதத்தில் மூன்று பேர் கண்டெடுத்ததாக இணையத்தில் எழுதியிருந்தார்கள். பிறகு பெரிய மழை பெய்தது. பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்குமோ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன்.

கல்கட்டைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பெட்டி இருந்த இடத்தில் அறுத்த எலுமிச்சம்பழங்கள் காய்ந்து கிடந்தன. குங்குமம் மழையில் கரைந்து கல்லில் கோடாக இறங்கியிருந்தது. எட்டிப் பார்த்தபோதுதான், கல்கட்டுக்குக் கீழே ஒரு லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், இருப்பதைக் கண்டேன். நான் எப்போதும் மேல் ரோட்டால் வந்து போனவள். என் கல்கட்டு, அவர்களுடைய வீட்டுப் பின்பக்கம்.

மேல் ரோட்டுச் சந்திக் கடையில் தேத்தண்ணி கேட்டேன். கடைக்கார அம்மா என் காலைப் பார்த்தாள்.

"பலாமரத்துப் பக்கமா போய் வந்தீங்க? கால கழுவிட்டு உள்ள வாங்க."

"ஏன்?"

"செய்வினை எடுத்த எடங்க அது."

நான் காலைக் கழுவினேன். நான் கேட்காமலே அவள் சொன்னாள். கீழ் லயத்தில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், பக்கத்துப் பக்கத்து வீடு. அண்ணன் மனைவி பெரியவளுக்கும் தம்பி மனைவி சின்னவளுக்கும் தண்ணீர்ப் பைப்பில் எப்போதும் வாய்த் தகராறு. இந்த நேரம் பார்த்துப் பெரியவளின் மாட்டுக்குப் பால் வற்றியது. மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பதில் வரவில்லை. பெரியவள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனபோது அந்தக் கல் கையோடு வந்துவிட்டது.

"உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? செவப்புத் துணி, மஞ்ச, கற்பூரம், மூஞ்சியில்லாத பொம்பள பொம்ம. கொப்பி பூரா மந்திரம்."

"மந்திரமா?"

"ஆமாங்க. பறவ மாதிரி, சக்கரம் மாதிரி, நத்த மாதிரி. பூசாரிக்கே வாசிக்க முடியல. மலையாளத்து வேலைன்னு சொல்லி, ஆத்துல விட்டுட்டாரு."

"யார் வச்சதாம்?"

"சின்னவதான். அவ தானே அந்தப் பக்கம் வெறகு பொறுக்குவா. அவ புருசன் கொழும்புல. 'அண்ணி சொல்றபடி செய்'னு போன்ல சொல்லிட்டான். வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டு மணி பஸ்ஸுக்கு அம்மா வீட்டுக்கு அனுப்புறாங்க. திரும்பக் கூப்பிட மாட்டாங்க."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். காசைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

அந்த வாரம் கடையில் இரண்டு சீல்களை எழுத்துத் தலைகீழாகச் செய்து, திரும்பச் செய்ய வேண்டி வந்தது. வெள்ளிக்கிழமை அக்காவிடம் சொன்னேன்.

"போனா ஒன்னயத்தான் அந்த மரத்துல கட்டி வைப்பாங்க" என்றாள்.

"போகலைன்னா?"

அக்கா அடுப்பைத் தணித்தாள். "போகலன்னா என் சட்டத் துணியால ஒருத்தி வாழ்க்க போகும். போயிட்டு வா. துணி என்னோடதுன்னு மட்டும் எவகிட்டயும் சொல்லிராத."

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு லயத்துக்குப் போனேன். கையில் என் கொப்பி, குடைச் சீல், மை பேட். பெரியவளின் வாசலில் அவளுடைய கணவர் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பெரியவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பயணப் பை இருந்தது.

பஸ்ஸில் முழு வசனமாகத் தயார் செய்திருந்தேன். வாயிலிருந்து வந்தது, "அந்தப் பெட்டி என்னுடையது" மட்டும்தான்.

பெரியவள் கத்தியைக் கீழே வைத்தாள். "எந்தப் பெட்டி?"

"கல்கட்டில இருந்தது. நான்தான் வச்சேன். செய்வினை இல்ல. ஒரு விளையாட்டு."

அவள் எழுந்து வந்தாள். நான் கொப்பியைத் திறந்து, பக்கம் பக்கமாகக் காட்டினேன். எப்படித் தேடுவது, எங்கே குத்துவது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பக்கூடியதாகத் தெரியவில்லை. வளர்ந்த மனிதர்கள் பஸ் பிடித்துப் போய், கல்லுக்கடியில் நத்தைப் படம் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

பெரியவள் முழுவதும் கேட்டாள். பிறகு கேட்டாள்: "சரி. ஒன்னய வைக்கச் சொல்லி அனுப்புனது யாரு? அவதானே?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. செய்வினை செய்தவளே வந்து நிற்கிறாள் என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கிறது. இல்லை, இல்லை என்று இரண்டு தரம் சொன்னேன்.  கொப்பியை மூடி, மறுபடி திறந்தேன்.

அப்போது கதிரையிலிருந்தவர், "இந்தா, நில்லு" என்றார். "மதகுல இருந்து அடி எண்ணிக்கிட்டே ஒரு வெள்ளக்காரனும் பொண்டாட்டியும் வந்தாங்கன்னு சொன்னேனே. ஒன்னு, ரெண்டுன்னு கைய நீட்டி எண்ணுனாங்க. நான்கூட நெலம் அளக்க வந்தவங்கன்னு நெனச்சேன்."

"நாற்பது அடி" என்றேன். "பலாமரம் வரைக்கும்."

"ஆமா, மரத்துக்கிட்ட போயி நின்னாங்க. போறப்ப என்னயப் பாத்துச் சிரிச்சாங்க. அவனுங்களையும் சின்னவதான் கொண்டாந்தாளா?"

பெரியவள் அவரைப் பார்த்தாள். "ஒங்கள யாரு கேட்டா?" என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தைக் கூட்டினாள்.

நான் அடுத்த வீட்டுக்குப் போனேன். சின்னவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். போகிற சேலையை ஏற்கனவே கட்டியிருந்தாள். நன்றி சொல்வாள் என்று நான் நினைத்திருந்தேன் போலும்.

"ஆறு வாரமா அந்தப் பைப்புல என்னயத் தண்ணி பிடிக்க விடல" என்றாள். "மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனா பக்கத்து நெரயில நிக்க மாட்டேங்கிறாங்க. நீங்க வெளையாடுனீங்களா?"

"தெரியாமப் போச்சு" என்றேன்.

"இப்ப நீங்க சொல்லிட்டுப் பஸ் ஏறிருவீங்க. நாளைக்கு அவங்க, யாரோ ஒருத்திய கூட்டியாந்து பேச வச்சான்னு சொல்வாங்க. எழுதிக் குடுங்க."

கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். இந்தத் திகதியில் இந்த இடத்தில் பெட்டியை வைத்தது நான், யாரும் சொல்லி வைக்கவில்லை, இந்த வீட்டுக்காரரை எனக்கு முன்பின் தெரியாது. உள்ளே என்னென்ன இருந்தன, ஒவ்வொன்றும் எதற்கு என்று எழுதினேன். கீழே குடைச் சீலைக் குத்தி நீட்டினேன். வழக்கம் அப்படி.

அவள் பார்த்தாள். "பேரு?"

பெயரை எழுதினேன்.

"முழுப் பேரு. விலாசம். ஐடென்டிட்டி நம்பர்."

எல்லாவற்றையும் எழுதினேன். குத்திய சீலைக் கோடு போட்டு அழித்துவிடட்டுமா என்று கேட்டேன், குடைப் படம் வேடிக்கையாக இருந்ததால். "இருக்கட்டும்" என்றாள். "சீல் இல்லாத கடுதாசிய இங்க யாரு மதிக்கிறா?"

தாளை வாங்கி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரின் பக்கம் போய் நின்று சத்தமாக வாசித்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். என் பெயரையும், அப்பாவின் பெயரையும், வீட்டு இலக்கத்தையும் ஒரு அந்நியக் குரலில் அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன் கேட்டதில்லை. எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

எறும்புக்காக மஞ்சள் தூள் போட்ட இடத்துக்கு அவள் வந்தபோது, பக்கத்து வீட்டு ரேடியோவின் சத்தம் குறைந்தது. பிறகு நின்றது.

அவள் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள், இன்னும் மெதுவாக.

நான் எழுந்து, வருகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள், தாளிலிருந்து கண் எடுக்கவில்லை. வாசலில் இருந்த பயணப் பையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். மேலே ஏறும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். பெரியவளின் கணவர் கதிரையை விட்டு எழுந்து, அந்தப் பையை எடுத்துச் சின்னவளின் வீட்டுக் கதவுக்கு உள்பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

சந்தியில் பஸ் கொஞ்சம் பிந்தி வந்தது. கடைக்கார அம்மா கடை வாசலில் வந்து நின்று, பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் மேலே வரவில்லை. இரண்டு மணி பஸ்ஸில் அந்தச் சந்தியிலிருந்து நான் மட்டும் ஏறினேன்.