ஒஃபேலியா ஊற்றிய மாத்தே

நில்டா பெத்தன்குரும் நானும் முப்பது வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். அவள் பெண்கள் மனநல வார்டில் நர்ஸ், நான் சலவைக்கூடத்தில். எங்கள் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. அந்த நாளில் வார்டில் துணியெல்லாம் பொது. துவைத்து வந்த குவியலில் கைக்குக் கிடைத்ததை எடுத்து நோயாளிகளுக்கு மாட்டிவிடுவோம், உள்ளாடை உட்பட. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம் நில்டா என் முன்னால் வந்து நின்றாள்.

"சுல்மா, உன் ஜட்டியை எடுத்து நான் போட்டுக்கிட்டா நீ சும்மா இருப்பியா?"

"அது உனக்குப் பத்தாதுடி," என்றேன்.

சிரித்தாள், ஆனால் நகரவில்லை. நாற்பத்தொரு பெண்களின் பெயரையும் துணியில் தைக்க வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். என் விரலெல்லாம் ஊசிக் குத்து. மனதார அவளைத் திட்டினேன். பிறகு ஒருநாள் வார்டில் ஒரு கிழவி, சட்டையில் தன் பெயர் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே தூங்கிப்போயிருந்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம் திட்ட வாய் வரவில்லை.

கழிப்பறைக்குக் கதவு வேண்டும் என்றாள் நில்டா. ஒன்றரை வருஷம் நச்சரித்து வாங்கினாள். நோயாளிக்கு வரும் கடிதத்தை டாக்டர் பிரிக்கக் கூடாது என்றாள். மாத்திரை எதற்கென்று விழுங்குகிறவளிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்றாள். அதிகாரிகள் மாறினார்கள், இவள் மாறவில்லை. முதுகுக்குப் பின்னால் வக்கீலம்மா என்று கேலி செய்வார்கள். காதில் விழுந்தால், எனக்குக் கட்சிக்காரிகள் நாற்பத்தொரு பேர், உங்களுக்கு எத்தனை என்று கேட்பாள்.

வெந்நீர் விஷயத்தில் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தாள். எங்கள் ஊரில் மனுஷராய்ப் பிறந்த எல்லோர் கக்கத்திலும் ஃபிளாஸ்க் இருக்கும், கையில் மாத்தே என்கிற கசப்புத் தேநீருக்கான குடுவை இருக்கும். குடுவையில் இலையைப் போட்டு ஒருவர் வெந்நீர் ஊற்றித் தர, அதே குழலில் எல்லோரும் மாறிமாறி உறிஞ்சுவோம். யார் ஊற்றுகிறாரோ அவர்தான் அங்கே வீட்டுக்காரர். வார்டில் நோயாளிகள் குடிக்கலாம், ஊற்றக் கூடாது. எப்போதோ யாரோ கையைச் சுட்டுக்கொண்டார்களாம், அன்றிலிருந்து ஃபிளாஸ்க் நர்ஸிடம். ஒருத்தியை இருபது வருஷம் விருந்தாளியாகவே உட்கார வைத்தால் பைத்தியம் தெளியுமா என்று நில்டா பதினைந்து வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தாள்.

ஒஃபேலியா தெச்சேரா இருபத்திரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்தவள். பிறந்த குழந்தை செத்துப்போன துக்கத்தில் தெருவில் அலைந்தவளை அவள் அண்ணன் கொண்டுவந்து விட்டான். அப்புறம் அவன் இந்தப் பக்கமே வரவில்லை. டாக்டர்களிடம் ஒஃபேலியா வாயே திறக்க மாட்டாள். என்னோடு துணி மடிக்கும்போது முணுமுணுவென்று பாடுவாள். நில்டாவிடம் மட்டும் நாலு வார்த்தை பேசுவாள்.

ரயிலடிக்குப் பின்னால் ஒரு வீட்டில், வார்டிலிருந்து வெளியே போன பெண்கள் மூன்று பேர் சேர்ந்து குடியிருந்தார்கள். அங்கே ஜன்னல் வைத்த அறை ஒன்று காலியாக இருந்தது. அது தனக்கு வேண்டும் என்று ஒஃபேலியா நில்டாவிடம் சொல்லியிருக்கிறாள். அவளை வெளியே விடச் சொல்லி நில்டா கோர்ட்டுக்கு மனு எழுதினாள். பேசாதவள் வெளியே எப்படிப் பிழைப்பாள் என்று டாக்டர் பீரிஸ் மறுத்து எழுதினார். கடைசியில் நீதிபதி லர்ரோசா தாமே ஆஸ்பத்திரிக்கு வந்து ஒஃபேலியாவிடம் நேரில் கேட்பது என்று ஆயிற்று. அன்று நடக்காவிட்டால் அறை வேறொருத்திக்குப் போய்விடும்.

ஒஃபேலியா என்னிடம் வேலை செய்கிறாள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நில்டா வழக்கம்போல் ஃபிளாஸ்கும் குடுவையுமாக வந்து உட்கார்ந்தாள். நீதிபதி சாந்தமான அம்மா. ஒஃபேலியாவைப் பார்த்து, இங்கிருந்து போக விருப்பமா என்று கேட்டார்.

"ரொம்ப விருப்பம்மா," என்றாள் நில்டா.

சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். அவள் பூசணிக்காய் நறுக்குகிற அழகைப் பார்க்க வேண்டும் என்று அதற்கும் நில்டாதான் சொன்னாள். கடைகண்ணிக்குத் தனியாகப் போக முடியுமா? அதற்கும் நில்டாவே. டாக்டர் பீரிஸ் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒஃபேலியா பேசாதவள் என்று அவருக்காக நில்டாவே நிரூபித்துக்கொண்டிருந்தாள். வார்டில் நாங்கள் எல்லோரும் செய்கிற தப்புதான் அது. கேள்வி நோயாளிக்கு, பதில் நர்ஸிடமிருந்து. மேசைக்கடியில் நில்டாவின் காலை மிதித்தேன். உறைக்கவில்லை.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஒஃபேலியா, பயமா இருக்கா?" என்றார்.

நில்டா வாயெடுப்பதற்குள் ஒஃபேலியா அவள் கக்கத்திலிருந்து ஃபிளாஸ்கை உருவிவிட்டாள்.

டாக்டர் எழுந்துவிட்டார். அவரைவிட வேகமாக நில்டாவின் கை நீண்டது, பிடுங்குவதற்கு. அந்த வெந்நீருக்காகப் பதினைந்து வருஷம் தொண்டை வற்றக் கத்தியவளின் கை.

"விடு நில்டா," என்றாள் ஒஃபேலியா. "நான் ஊத்துறேன்."

நில்டா கையை எடுத்துக்கொண்டாள். ஒஃபேலியா இலை முழுக்க நனையாமல் ஒரு ஓரமாகப் பார்த்து ஊற்றினாள். முதல் கசப்பு ஊற்றுகிறவருக்கு என்பது முறை, அதைத் தானே குடித்தாள். பிறகு நீதிபதிக்கு, டாக்டருக்கு, எனக்கு. நில்டாவுக்குக் கடைசியில். ஒரு சொட்டு சிந்தவில்லை. அதுவரைக்கும் நீதிபதி காத்திருந்தார்.

"பயமாத்தான் இருக்கு," என்றாள் ஒஃபேலியா. "ஆனா போறேன். நில்டா என்கூட வர வேண்டாம். ஞாயித்துக்கிழமை வரட்டும். கதவைத் தட்டிட்டு வரட்டும்."

நீதிபதி அங்கேயே கையெழுத்துப் போட்டார். நில்டா நேராகச் சலவைக்கூடத்துக்கு வந்து, மடித்து வைத்த போர்வைகள் மேல் உட்கார்ந்து அழுதாள்.

"நானும் அவங்கள மாதிரிதானா சுல்மா?"

"ஆமா," என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது. "ஆனா விடுன்னதும் விட்டியே."

ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் பன் வாங்கிக்கொண்டு இருவரும் போனோம். கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. நில்டாவின் கை தன்னால் கைப்பிடிக்குப் போயிற்று. முப்பது வருஷமாக எந்தக் கதவையும் தட்டிப் பழகாத கை. சட்டென்று இழுத்துக்கொண்டு, விரலை மடக்கித் தட்டினாள்.

"யாரு?"

"நில்டா."

"இரு, தலை வாரிக்கிட்டு இருக்கேன்."

வெயில் சுள்ளென்று அடித்தது. கால் மணி நேரம் வாசலில் நின்றோம். நில்டா இரண்டாவது முறை தட்டவில்லை.