குப்பைக்குப் போன நார்

சுத்தம் சோறு போடும் என்பார்கள். சுத்தக்காரிக்கு எட்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தது. எதிலும் துளி அழுக்கு விடமாட்டாள் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநாண்களை எலிவாலிலிருந்து உருவி, அரைத்து, குழாயில் ஊற்றி ஆய்வாளர் மேடத்திடம் கொடுப்பது அவள் வேலை. நாணுக்குள் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று கண்டுபிடிப்பது மேடத்தின் வேலை.

ஆறு மாதமாக ஒன்றும் சிக்கவில்லை. வந்த பட்டியலெல்லாம் தசையின் மரபணுக்கள். மாதக் கடைசிக்குள் வழி பிறக்காவிட்டால் ஆய்வை இழுத்து மூடிவிடுவார்கள்.

அவள் வீட்டுக்காரர் பெயிண்டர். ஏணியிலிருந்து விழுந்து குதிகால் நாண் அறுந்து, தைத்து ஒரு வருடமாகியும் நொண்டுகிறார். "உங்க மேடத்த கேளு, என் கால் எப்ப சரியாகும்னு" என்பார் கிண்டலாக. அவள் சிரித்துவைப்பாள்.

அன்று அரைப்பானைக் கழுவும்போது கை நின்றது. பிளேடில் வெள்ளை நார் சுற்றியிருந்தது. தினமும்தான் சுற்றும், வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத் தெளிந்ததை மட்டும் கொடுப்பாள். இத்தனை நாள் அரைபட்டது நாணில் ஒட்டியிருந்த தசைத் துணுக்குதான். அரைபடாத இந்த நார்தானே நாண்!

சொன்னால் வேலை போகலாம். வாயை மூடிக்கொண்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. நொண்டும் கால் கண்ணுக்குள் வந்து நின்றது. நாரை உள்ளங்கையில் ஏந்திப் போனாள்.

"தப்பு என்மேலதான் மேடம்."

"ஆறு மாசம் போச்சேக்கா!" மேடம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்தார். "நானும் ஒருநாளாவது பக்கத்துல நின்னு பாத்திருக்கணும். வாங்க, இத எப்படி அரைக்கிறதுன்னு பாப்போம்."

திரவ நைட்ரஜனில் முக்கியதும் நார் கல்லாக இறுகியது. இடித்தார்கள், மாவானது. புதுப் பட்டியலில் தசையில் இல்லாத மரபணு ஒன்று தலைகாட்டியது. அது வேலை செய்யும் இடத்தைக் காட்டும் சாயத்தை எலிக்கால் துண்டில் விட்டார்கள். தசை வெளுப்பாகவே இருக்க, நாணில் மட்டும் ஊதாக் கோடு ஓடியது. இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

ஆய்வு தப்பித்தது. வீட்டுக்காரரிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"அப்ப என் கால்?"

"மருந்தா வர பத்து வருஷமாவது ஆகுமாம். எங்க தேடணும்னு இப்பதான் தெரிஞ்சிருக்கு."

அவர் குதிகாலைத் தடவிப் பார்த்தார். "சரி, அதுவரைக்கும் ஏணி ஏறாம கீழ்ச்சுவருக்கு மட்டும் அடிக்கிறேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாள் ஆய்வுக்கூடத்தில் நுழைந்ததும் முதல் வேலையாகக் குப்பைத்தொட்டியை அறைக்கு வெளியே தள்ளிவைத்தாள்.