பச்சை விராலி

உலகச் சண்டைக் காலத்தில் சீனி கிடைக்காமல் கருப்பட்டிக்கு ஏகக் கிராக்கி. அதனால் மாப்பிள்ளையூரணிப் பக்கம் பதநீர்க் கள்ளர்களும் பெருகிவிட்டார்கள். கலயத்தில் ஊறியதைக் குடித்துவிட்டுப் போய்விடாமலிருக்க, எல்லாரும் பனை மூட்டில், அடியைச் சுற்றி, உடைமர முள்ளைக் குவித்து வைப்பார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பச்சை விராலிச் செடியை வெட்டிக் குவித்தார்.

“முள்ளு என் காலையுமில்லா குத்துது? விராலின்னா அதோட பசை கள்ளப்பய வேட்டியில ஒட்டும். விடிஞ்சதும் ஆளைப் பிடிச்சிரலாம்!”

மூளையைப் பாருங்கள்! அடுப்பில் நான் பச்சை விராலியைச் செருகப் போய், குப்பென்று பிடித்துப் புருவம் பொசுங்கியதைச் சொன்னேன்.

“ஏளா, பச்சை எங்கனயாவது எரியுமா?” என்று சிரித்தார்.

ஒருநாள் மத்தியானம் அவர் பனை உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்தார். நான் சற்றுத் தள்ளிக் குடத்தோடு நின்றேன். யாரோ வரப்பில் வைத்த தீ, கடல்காற்றில் காய்ந்த புல்லைப் பிடித்துவிட்டது. புல் முழங்கால் உயரத்துக்கு எரிந்து எரிந்து அடங்கியபடி வந்தது. வழியில் ஒரு விராலிப் புதர். அடேயப்பா! எண்ணெய் தடவின மாதிரி மின்னும் இலை, உள்ளே நெருக்கமாகப் பட்டுப்போன சுள்ளி. சடசடவென்று ஆள் உயரத்தையும் தாண்டி எழும்பியது நெருப்பு! பக்கத்து உப்புத் தரையில் கிடந்த உமரிச் செடியில் அதே தீ புஸ்ஸென்று புகைந்து அணைந்தது. உமரி இலை முழுக்கத் தண்ணீர்தானே.

ஐயோ, அவர் ஏறியிருக்கிற பனை மூட்டிலும் விராலிதானே கிடக்கிறது! அது பிடித்தால் மேலே காய்ந்து தொங்கும் காவோலை பிடிக்கும். அப்புறம் மனுஷன் என்ன ஆவது? குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“எறங்கிராதேயும்! அங்கனயே இரும்!”

மூட்டில் கிடந்த விராலியைக் கொத்துக் கொத்தாக இழுத்து உமரிப் பக்கம் எறிந்தேன். கடைசிக் கொத்து கையில் இருக்கும்போதே பற்றிக்கொண்டது.

“ஏளா, போட்டுட்டு ஓடு! ஓடுன்னா ஓடு!” மேலிருந்து அலறினார்.

ஓடுவேனா? எரிகிற கொத்தையும் இழுத்துக்கொண்டு போய்த் தூர வீசினேன். புல் தீ வந்தது. பனை மூட்டில் வெறும் மணல். பிடிக்க ஒன்றுமில்லாமல் சுற்றிக்கொண்டு போய்விட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அங்கேயே குலவை போட்டேன்!

மளமளவென்று இறங்கிவந்தவர் நேரே சண்டைக்கு வந்தார். “ஓடச் சொன்னா ஓட மாட்டியா? என்ன திமிரு ஒனக்கு!”

“நான் ஓடிட்டா நீரு எப்படி எறங்குவீரு?”

என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். என் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். முழங்கையால்தான் அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்.